மெலிவோசைக்கு ஒரு பெட்டி

தமிழிசை மரபு ஓசை நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுக்கும். தாழ்ந்த நிலைக்கு மெலிவு என்பது பெயர். ஆனால் கருவி கொண்டு ஓசை எழுப்ப முனைவோர்க்கு அந்த மெலிவுதான் மிகுந்த வலிவை வேண்டி நிற்கிறது. வீட்டில் திரையரங்கின் ஒலியை அமைக்க விழையும் அன்பர்கள் இடர்ப்படுவதும் இங்கேதான். படத்தில் இடி இடிக்கிறது. கூடத்திலோ தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கிறது. இதற்குக் காரணம் யாது? சப்வூபர் எனப்படும் தாழ்வொலிப் பெட்டியை நாமே செய்துகொள்ளல் இயலுமா?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. வினாடிக்கு 80 அதிர்வுள்ள ஓசைக்குக் கூம்பு 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் எனக் கொள்வோம். அதே அழுத்தத்தில் 40 அதிர்வுள்ள ஓசையை எழுப்ப 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். 20 அதிர்வுக்கோ 16 மில்லிமீட்டர். போதாக்குறைக்கு, நம் செவியும் தாழ்ந்த ஓசையை மந்தமாகவே உணர்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிறு கூம்பு இப்பணிக்கு ஆற்றாது என்பதில் வியப்பில்லை.

இன்னோர் இடரும் உண்டு. கூம்பு முன்புறக் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்புறக் காற்றைத் தளர்த்துகிறது. தாழ்ந்த ஓசையின் அலை மிக நீண்டது. 20 அதிர்வுக்கு அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். அது கூம்பின் விளிம்பை எளிதில் சுற்றி வந்து, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவேதான் பெட்டி வேண்டும். அஃது அழகுக்கு அமைந்த கூடன்று, கருவியின் சரிபாதி.

இவ்வுண்மையை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்கரான எட்கர் வில்சர். 1954இல் அவரும் ஹென்றி கிளாஸும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஒலிபெருக்கி செய்தனர். கூம்பைத் தாங்கும் பிடிப்பைத் தளர்த்திவிட்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பணிபுரியச் செய்தார் வில்சர். துணியாலும் இரப்பராலும் ஆன பிடிப்பைவிடக் காற்று ஒரே சீராக மீளும் வில். அலமாரியளவு பெட்டி தந்த ஆழத்தைப் புத்தகத் தட்டில் வைக்கத்தக்க பெட்டி தந்தது. 1961இல் ஆஸ்திரேலியரான நெவில் தீலும், 1970களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்ட் ஸ்மாலும் பெட்டிக் கலையைக் கணக்காக மாற்றினர். இன்று ஒலிபெருக்கி வாங்கும்போது உடன்வரும் தாளில் உள்ள எண்கள் இவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன.

அவற்றுள் மூன்று நமக்கு இன்றியமையாதன: கூம்பு தானே அதிரும் எண்ணிக்கை, அதன் அதிர்வு அடங்கும் தன்மையைக் காட்டும் எண், அதன் பிடிப்புக்கு நிகரான காற்றின் பருமன். காட்டாக, 10 அங்குல ஒலிபெருக்கி ஒன்றில் இவை முறையே 25, 0.4, 60 லிட்டர் எனக் கொள்வோம். மூடிய பெட்டியில் ஓசை மேடுபள்ளமின்றிச் சீராக இறங்க 0.707 என்னும் எண் வேண்டும். அதை 0.4ஆல் வகுத்தால் 1.77; அதனை அதனாலேயே பெருக்கினால் 3.12; ஒன்றைக் கழிக்க 2.12. அறுபதை இதனால் வகுத்தால் பெட்டியின் உட்பருமன் 28 லிட்டர். 25ஐ 1.77ஆல் பெருக்கக் கிடைக்கும் 44 அதிர்வே இப்பெட்டியின் இயல்பான எல்லை. அதற்குக் கீழே ஓசை படிப்படியாகக் குறையும். பெட்டியை 60 லிட்டராக்கினால் எல்லை 35க்கு இறங்கும். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஓசை, குறைந்த மின்சாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற முடியாது. இரண்டைப் பெற்று ஒன்றை இழக்க வேண்டும். இதனைப் பொறியியலார் இரும்பு விதி என்பர்.

துளையும் குழாயும் வைத்த பெட்டி ஆகாதா எனக் கேட்கலாம். வாய் குறுகிய புட்டியில் ஊதினால் ஒரு சுரம் எழுகிறதன்றோ? அவ்வாறே குழாய்க் காற்று கூம்புக்குத் துணைசெய்து ஓசையைப் பெருக்கும். எனினும் குழாயின் சுரத்துக்குக் கீழான ஓசை வரின், கூம்பைத் தாங்கக் காற்று வில் இராது; அது கட்டின்றி அசைந்து கெடக்கூடும். முதன்முறை செய்வோர்க்கு மூடிய பெட்டியே என் தேர்வு.

உள்ளளவு ஒவ்வொரு புறமும் 31 சென்டிமீட்டர் இருக்கட்டும். கருவி அடைத்துக்கொள்ளும் இடம் போக 28 லிட்டர் எஞ்சும். பலகை 18 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைதல் கூடாது. எழுதுகோல் பிடித்துப் பழகிய கைக்கு நேராக அறுக்க வருவது அரிது; மரக்கடையிலேயே அறுத்து வாங்குக. மூட்டுகளெல்லாம் பசையால் அடைபட வேண்டும். முடிந்தபின் கூம்பை மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். மெதுவாக மீண்டால் காற்றடைப்பு நன்று, சட்டென மீண்டால் எங்கோ கசிவு உளது. மின்பெருக்கியை மட்டும் ஆயத்தமாகவே வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தோடு விளையாட வேண்டா.

இத்துணையும் செய்து அறையில் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. 4.3 மீட்டர் நீள அறையில் 40 அதிர்வுள்ள ஓசை சுவரோரம் ஓங்கி, நட்டநடுவே ஏறத்தாழ மறைந்துவிடும். நாற்காலி நடுவில் இருப்பின் இடியை அடுத்த வீட்டார் கேட்பர்; நீங்கள் கேளீர்! இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. பெட்டியை நீங்கள் அமரும் நாற்காலியில் வைத்து, தாழ்ந்த ஓசை மிக்க இசையை ஒலிக்கவிட்டுச் சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். ஓசை சீராக எவ்விடத்தில் கேட்கிறதோ, பெட்டிக்கு அவ்விடமே உரியது. ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் தம்முள் மாறினாலும் பயன் ஒன்றே என்னும் இயற்பியல் விதியே இதற்கு அடிப்படை.

அடுக்குமாடியில் வாழ்வோர் ஒன்று கருதுக. உயர்ந்த ஓசையைச் சுவர் தடுக்கும். தாழ்ந்த ஓசையைத் தடுக்காது. பெட்டிக்கு அடியில் இரப்பர் வைத்தால் தரைவழிச் செல்லும் நடுக்கம் குறையும். காற்றுவழிச் செல்வது குறையாது. ஆதலின் பெட்டியின் ஓசை தனியே புலப்படாத அளவுக்குக் குமிழைத் திருப்பி வையுங்கள். அணைத்துப் பார்க்கும்போதுதான் அது பணிபுரிந்தமை தெரிய வேண்டும்.