வலிப்பது காலில், கோளாறு இடுப்பில்... தெரியுமா?

திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் பொழுதுக்கும் தையல் மெஷினில் குனிந்து ரெடிமேட் சட்டை தைப்பவருக்கும், சீசனில் மாங்காய்க் கூடையைத் தூக்கி வண்டியில் ஏற்றுபவருக்கும் ஒரே வலி வரலாம். இடுப்பில் கிளம்பி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுரீரென்று இழுக்கும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டுக் காலை நீவுவார்கள். காலில் ஒரு கோளாறும் இருக்காது!

இது சயாட்டிகா. உடம்பிலேயே தடித்த நரம்பான சயாட்டிக், கீழ்முதுகின் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாவது. விரல் பருமன்! முதுகில் ஒரு வேர் நசுங்கினால் மூளை அதைக் கால் வலியாகவே உணர்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நசுக்குவது, முதுகெலும்புகளுக்கு இடையே பிதுங்கிய ஜவ்வு. உள்ளிருக்கும் கூழ் நரம்பை அழுத்துவதோடு ரசாயன எரிச்சலையும் கிளப்புகிறது. தும்மினால்கூட வலி கால்வரை பாய்வது இப்படி நரம்பு அழுந்துவதால்தான்.

இந்த வலிக்கென்றே தனி நூல் 1764-லேயே வந்துவிட்டது. எழுதியவர் நேப்பிள்ஸ் மருத்துவர் கோட்டுன்யோ. ஆனால் குற்றவாளி ஜவ்வுதான் என்று மிக்ஸ்டர், பார் என்ற பாஸ்டன் மருத்துவர்கள் உலகுக்குக் காட்டியது 1934-ல். இடையில் 170 ஆண்டுகள்!

இன்னும் பெரிய வியப்பு இருக்கிறது. பிதுங்கிய ஜவ்வைப் பெரும்பாலும் நம் உடம்பே கொஞ்சங்கொஞ்சமாகத் தின்று கரைக்கிறது! அதிலும் உடைந்து வெளியே வந்த பெரிய துண்டுதான் நன்றாகக் கரைகிறதாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தணிந்துவிடும். பாதத்தில் இருந்த வலி தொடைக்கும் இடுப்புக்கும் ஏறினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது குணமாகும் அறிகுறி. படுத்தே கிடப்பதால் சீக்கிரம் குணமாவதில்லை; முடிந்தவரை நடமாடுவதே நல்லது.

ஸ்கேனில் “ஜவ்வு பிதுங்கியிருக்கு” என்று வந்ததுமே ஆடிப்போகிறவர்களுக்கு ஒரு சேதி: 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது!

வயதானவர்கள் பலருக்குக் கதை வேறு. நரம்பு செல்லும் பாதையே குறுகிவிடும். நடந்தால் கால் கனக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ அடங்கும்.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, காலில் வலு வேகமாகக் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போல நரம்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அப்போதே கிளம்புங்கள்.