விரலுறையும் அதன் இருப்பிடமும்

தைக்கும்போது ஊசியின் காதுப்புறத்தைத் தள்ளும் விரலுக்கு இடும் சிறு குல்லாவை விரலுறை என்கிறோம். ஓர் அங்குல உயரமும் இல்லாத இப்பொருளைத் தேடித் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். ஜேர்மனியின் கிரெக்லிங்கன் என்னும் சிற்றூரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. இலங்கைக்கும் இது புதிதன்று. சிங்களத்தில் இதனைத் ‘திதாலய’ என்பர். போர்த்துக்கேயரின் ‘தெதால்’ அங்ஙனம் திரிந்தது. நாம் வழங்கும் ‘அலுமாரி’ என்ற சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே. பொருளும் அதைக் காக்கும் பேழையும் ஒரே கப்பலில் வந்தன போலும்!

வன்னிப் பெருநிலத்தில் இதைச் சேர்க்கப் புகுவோர் கடைத்தெருவை நாடுமுன் தம் வீட்டை நாடுதல் வேண்டும். 2009 மே மாதத்தில் போர் முடியும்வரை குடும்பங்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தன. பின்னர்ப் பலர் செட்டிகுளத்து முகாம்களில் வாழ்ந்தனர். அவற்றில் எஞ்சியவை 2012இல் மூடப்பட்டன. பெட்டகத்தையும் தையற் பொறியையும் சுமக்க இயலாத அப்பயணங்களில், சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ளத்தக்க பொருள்கள் மிகச் சில. பாட்டியின் பித்தளை விரலுறை ஒன்று எஞ்சியிருப்பின் அதுவே சேகரிப்பின் முதற்பொருள். விலைக்கு வாங்கிய நூறும் அதற்கு ஈடாகா என்பது நம் எண்ணம்.

கிடைத்ததும் புளியிட்டுத் துலக்கக் கை பரபரக்கும். வேண்டா. அடிக்கடி துலக்கினால் மேற்பரப்பிலுள்ள குழிகள் மழுங்கும். அவை அழகுக்கு இட்டவையல்ல. ஊசி வழுவாதிருக்க இட்டவை. ஒரு பக்கத்துக் குழிகள் மட்டும் தேய்ந்திருப்பின், அணிந்தவள் ஊசியை எவ்விடத்தால் தள்ளினாள் என்பதை அவை காட்டும். மெல்லிய துணியால் துடைத்தலே போதும்.

வெள்ளி மென்மையானது, தைக்கத் தைக்கத் துளைபடும். இக்குறையைப் போக்க இங்கிலாந்தின் சார்ல்ஸ் ஹோர்னர் 1884இல் இரு வெள்ளிப் படலங்களுக்கிடையே உருக்கை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ‘டோர்காஸ்’ எனப் பெயர்பெற்ற அவ்வுறைகளில் வெடிப்பிருந்தால் நீர் படவிடலாகாது. உள்ளிருக்கும் உருக்குத் துருவேறும்.

நம் பகுதியின் காலநிலையும் கருதத்தக்கது. சோளகம் வீசும் மாதங்களில் தூசி கண்ணாடிக் கதவின் இடுக்கிலும் நுழையும். மாரியிலோ ஈரமேறிப் பித்தளையில் களிம்பு படரும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். இறப்பர், கம்பளி ஆகியவற்றின் அருகே அதனை வைத்தலாகாது. செய்தித்தாளில் சுற்றுவதும் தீது. (இப்பக்கத்தையும் அதற்குப் பயன்படுத்தாதிருக்க வேண்டுகிறோம்!) கஞ்சியிடாத, பலமுறை துவைத்த பருத்தித் துணியே நன்று. பெட்டியின் மூலையில் சுண்ணக்கட்டிகள் சில இருந்தால் ஈரத்தை ஓரளவு ஈர்க்கும். இடையிடையே வெயிலில் உலர்த்தி மீண்டும் இடலாம்.

காட்சிக்கு வைக்க மேலைநாட்டார் கண்ட வழி நயமானது. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்து எழுத்துத் தட்டைச் சுவரில் மாட்டி, அறைக்கு ஒன்றாக வைப்பர். பழைய அச்சகத்தில் அத்தகைய தட்டுக் கிடைத்தால் முதலில் ஈரத்துணியால் நன்கு துடைத்துக் கையையும் கழுவுக, ஈயத்தூசி நஞ்சு. கிடையாவிடின் கொலுப்படி போலச் சிறு படிகளைத் தச்சரிடம் செய்விக்கலாம். பின்வரிசை உயர்ந்திருப்பின் எவையும் மறையா. உலோகவாரியாக அடுக்குவோர் உண்டு. வந்த வீடுவாரியாக அடுக்குவதையே நாம் விரும்புகிறோம். கண்ணாடிக் கதவு இன்றியமையாதது. பல்லிக்கும் குழந்தைக்கும் இவை விளையாட்டுப் பொருள்கள்.

இனி, கொப்பி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டு, அதை எழுதிய தாளைச் சுருட்டி உறைக்குள் வைக்கலாம், பசையிட்டு ஒட்டலாகாது. அணிந்தவர் யார், எவ்வூரவர், என்ன தைத்தார், எவ்வாறு பொருள் தப்பியது என்பவற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு அவ்வெண்ணின் கீழ் எழுதுக. மாணவர் விடுமுறையில் செய்யத்தக்க வேலை இது. முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலையுமாகும். பக்கங்களைக் கைப்பேசியில் படம்பிடித்து வேற்றூரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுக. ஏன் என்று வன்னியில் எவரும் வினவார்.

ஆண்டுக்கொருமுறை யாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்க நவராத்திரி ஏற்ற காலம். மாரி தொடங்குமுன் வருவதால் களிம்பு உண்டா, கறையான் தட்டை அண்டியதா எனக் காணலாம். அன்று கத்தரிக்கோலோடும் ஊசியோடும் ஒரு விரலுறையும் பூசைத் தட்டில் இருக்கட்டும்.