வீட்டுக் குண்டுமல்லிக்கும் கவாத்து வேண்டும்

உங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு குண்டுமல்லிச் செடி இருக்கலாம். நட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். செடி ஆள் உயரத்திற்குப் புதராக மண்டி, பச்சைப்பசேல் என்று நிற்கும். ஆனால் சித்திரை மாதத்தில்கூட ஒரு முழம் தொடுக்கப் பூ கிடைக்காது. "இது பூக்காத செடி, பிடுங்கிப் போடுங்கள்" என்று வீட்டில் பேச்சு எழும். பிடுங்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் குறை செடியில் இல்லை. அதை வெட்டாமல் வளர விட்டதில்தான் இருக்கிறது. நன்கு பராமரித்தால் குண்டுமல்லி பத்தாண்டுகளுக்கு மேலும் பலன் தரக்கூடியது.

ஏன் வெட்ட வேண்டும்?

குண்டுமல்லி, முற்றிய பழைய கிளைகளில் அரும்பு கட்டுவதில்லை. புதிதாகத் துளிர்த்து வரும் இளங்கிளைகளின் நுனியில்தான் அரும்பு கட்டும். எத்தனை புதுத் துளிர்கள் வருகின்றனவோ அத்தனை பூங்கொத்துகள் கிடைக்கும். கவாத்து செய்யாத செடியில் துளிர்கள் குறைவாகவே வரும். அடர்ந்த புதருக்குள் வெயிலும் காற்றும் புகுவதில்லை. ஆகவே பூச்சிகளும் நோய்களும் அங்கே தங்கிவிடுகின்றன.

எப்போது, எப்படி?

குண்டுமல்லியைக் கவாத்து செய்ய ஏற்ற காலம் நவம்பர் மாதக் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடுப்பகுதி. வெட்டுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுங்கள். கிளைகளை ஒரு கயிற்றால் சேர்த்து இழுத்துக் கட்டி, தரையிலிருந்து 50 செ.மீ., அதாவது ஒன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், கூர்மையான கத்தி அல்லது கவாத்துக் கத்தரியால் வெட்டுங்கள். மழுங்கிய அரிவாளால் வெட்டினால் கிளைகள் பிளந்து அழுகும். பிறகு கயிற்றை அவிழ்த்து, காய்ந்த குச்சிகளையும் நோயுற்ற கிளைகளையும் அடியோடு நீக்கி, எஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும்.

நட்டு ஓராண்டு ஆகாத இளஞ்செடிகளை இவ்வாறு வெட்ட வேண்டாம். நுனியைக் கிள்ளிவிட்டால் போதும். பக்கக் கிளைகள் வெடித்து வரும்.

எல்லா மல்லிகை இனங்களுக்கும் காலம் ஒன்றல்ல. பிச்சி எனப்படும் ஜாதிமல்லியை டிசம்பர் பிற்பகுதியிலும், முல்லையை ஜனவரிக் கடைசி வாரத்திலும் கவாத்து செய்ய வேண்டும்.

மார்கழி விலை என்னும் ஆசை

"நீங்கள் வெட்டச் சொல்லும் காலத்தில்தானே பூவின் விலை ஏறுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ குறைவதால்தான் விலை ஏறுகிறது. உங்கள் செடியிலும் அப்போது கிடைப்பது சில பூக்களே. அந்தச் சில பூக்களுக்காகக் கவாத்தைத் தள்ளிப்போட்டால், புதுத் துளிர் வருவதும் பங்குனி, சித்திரையில் கொத்துக்கொத்தாகப் பூக்க வேண்டிய பருவமும் தள்ளிப்போகும்.

என் தாயாரும் பூச்செடியில் கத்தி வைக்கக் கூடாது என்றே சொல்லி வந்தார். வாதம் செய்யாமல், வீட்டில் இருந்த இரண்டு செடிகளில் ஒன்றை மட்டும் வெட்ட அனுமதி கேட்டேன். மார்கழியில் மொட்டையாக நின்ற அந்தச் செடியைப் பார்த்து வருந்தினார். பங்குனியில் இரண்டு செடிகளிலும் பூப் பறித்தவர் அவர்தான். அடுத்த கார்த்திகையில் கத்தரியை அவரே எடுத்து வந்து கொடுத்தார். நீங்களும் அவ்வாறே செய்யலாம். ஒரு செடியை வெட்டி, ஒரு செடியை விட்டுவைத்து, தினமும் பறிக்கும் பூவைத் தனித்தனியே எண்ணிப் பாருங்கள்.

வெட்டிய பின் உணவு

கவாத்து செய்தால் மட்டும் போதாது. துளிர் வருவதற்கு உணவு வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இடுங்கள். இத்துடன் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம் கலந்து இட்டு, மண்ணால் மூடி உடனே நீர் பாய்ச்ச வேண்டும். இதே அளவு இரசாயன உரத்தை ஜூன்-ஜூலையில் மீண்டும் ஒருமுறை இடவேண்டும். இது நன்கு வளர்ந்த செடிக்கு உரிய அளவாகும். தழைச்சத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் இலைதான் பெருகும்.

இடம் சரியா?

கவாத்தும் உரமும் சரியாக இருந்தும் பூக்காவிட்டால் செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். வேப்பமர நிழலிலும் சுவரோரத்திலும் நிற்கும் செடி இலையாகவே வளரும். குண்டுமல்லிக்கு நாள் முழுவதும் வெயில் படுவது நல்லது. துணி துவைக்கும் கல்லின் அருகில் நடுவதும் தவறு. அங்கே நீர் தேங்கி வேர் அழுகும். சோப்பு நீர் மண்ணின் களர்த் தன்மையைக் கூட்டும்.

புதிதாக நடுவோர், வடிகால் உள்ள இடத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். செடிக்குச் செடி 1.25 மீட்டர், அதாவது நான்கு அடி இடைவெளி விடுங்கள். ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 25 செடிகள் நடலாம்.

இலை மஞ்சளானால்

மஞ்சள் நிறம் எல்லாம் ஒரே நோயல்ல. நரம்புகள் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளியுங்கள். அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, வேர் கறுத்திருந்தால் அது வேரழுகல் நோய். நீர் தேங்காமல் வடித்து, ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும்.

மொட்டில் துளை இருந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. தாக்கப்பட்ட மொட்டுகளைச் செடியிலேயே விடாமல் பறித்து அழியுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

வீட்டில் நிற்கும் இரண்டு செடிகளில் கற்றுக்கொள்ளும் கவாத்து, நாளை பத்து சென்ட்டில் மல்லிகை பயிரிடும்போது கைகொடுக்கும். வரும் கார்த்திகையில் செடியைப் பிடுங்க மண்வெட்டியை எடுக்காதீர்கள், கத்தரியை எடுங்கள். பங்குனியில் பலனைக் காண்பீர்கள்.