பார்வைப் புல இழப்பும் இரட்டைப் பார்வையும்

முன்னுரை

ஒரு பொருள் இரண்டாகத் தோன்றினால், கண்ணை அசைக்கும் தசையோ அதற்குரிய நரம்போ பழுதுபட்டிருக்கும் என்று கருதுவது வழக்கம். இவை நலமாக இருந்தும், பார்வைப் புலத்தின் ஒரு பகுதி மறைவதாலேயே இரட்டைப் பார்வை தோன்றுவதுண்டு. பிட்யூட்டரி சுரப்பிக் கட்டியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

புல இழப்பு

ஒவ்வொரு கண்ணிலும் விழித்திரையின் மூக்குப்பக்கப் பாதி, வெளிப்பக்கக் காட்சியை ஏற்கிறது. அப்பாதியின் நரம்பிழைகள் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே குறுக்கிட்டு, மூளையின் எதிர்ப்பக்கத்தை அடைகின்றன. சுரப்பியில் வளரும் கட்டி இவ்விடத்தைக் கீழிருந்து அழுத்தும்போது இரு கண்களிலும் வெளிப்பக்கக் காட்சி மறைகிறது. இதனால் இடக்கண் வலப்பாதியை மட்டும், வலக்கண் இடப்பாதியை மட்டும் காண்கிறது.

கண்கள் விலகும் முறை

பலருடைய கண்கள் இயல்பாகவே சற்று விலகும் போக்குடையவை. இது மறை மாறுகண் எனப்படும். இரு கண்களும் பொதுவாகக் காணும் காட்சியை ஒன்றிணைத்து, மூளை இவ்விலகலை இடைவிடாது திருத்துகிறது. பொதுக் காட்சி இல்லாமற்போனால் திருத்தத்திற்கு அடிப்படை இல்லை. மறைந்திருந்த விலகல் வெளிப்படுகிறது.

கண்கள் வெளிநோக்கி விலகினால் எஞ்சிய இரு பாதிகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அங்குள்ள எழுத்துகள் இரட்டிக்கின்றன. உள்நோக்கித் திரும்பினால் நடுவில் இடைவெளி உண்டாகி, எழுத்துகள் மறைகின்றன. ஒரு கண் மேலேறினால் ஒரே வரியின் இரு பாதிகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. படிப்பவர் வரி மாறிச் செல்கிறார். மேலும், அருகிலுள்ள பொருளை உற்றுநோக்கும்போது அதற்குப் பின்னால் இருப்பவை மறைவதால், ஊசியில் நூல் கோப்பதும் நகம் வெட்டுவதும் கடினமாகின்றன.

முடிவுரை

இத்தகையோர் பார்வை அட்டையின் சிற்றெழுத்துகளையும் படித்துவிடக்கூடும். கண்களும் எல்லாத் திசைகளிலும் தடையின்றி அசையும். ஆதலின் குறையைக் கண்ணாடியால் தீர்க்க முயன்று காலம் கடத்த நேரிடலாம். பட்டகக் கண்ணாடியின் பயனும் இங்குக் குறைவே. ஒன்றிணைக்கப் பொதுக் காட்சி இல்லை. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்வைப் புலத்தைச் சோதிப்பதே நோயறிதலின் முதற்படி, எம்.ஆர்.ஐ. படம் கட்டியைக் காட்டும். புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் மருந்தால் சுருங்கும். பிறவற்றைப் பெரும்பாலும் மூக்கின் வழியாக அறுவை செய்து அகற்றுவர். நரம்பிழைகள் அழிவதற்குமுன் அழுத்தம் நீங்கினால் இழந்த புலம் மீள வாய்ப்புண்டு. எனவே, "வரிகள் தாவுகின்றன" என்னும் முறையீடு புலச் சோதனைக்குப் போதிய காரணமாகும்.