ஆறில்லா நாட்டின் படித்துறைகள்

ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்பது நல்வழி கூறும் கருத்து. பள்ளிப் பருவத்திலே அப்பாடலை மனனஞ் செய்த நாளில், எங்கள் தமிழாசிரியர் சற்றே நிறுத்தி, "அப்படியானால் எங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்வது?" என்று வினவினார். வகுப்பிலே ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பெருகித் தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடல்நீரேரியை நோக்கி ஓடி, கோடையிலே சுவடு தெரியாமல் மறைந்துவிடும் வழுக்கையாறு ஒன்றே எமக்கு வாய்த்தது. ஆசிரியர் அன்று விடை கூறாமலே அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டார். வினா மாத்திரம் என்னோடு வளர்ந்தது.

சென்ற ஆடி மாதத்திலே அவ்வினாவோடுதான் தொண்டைமானாற்றுக்குப் புறப்பட்டேன்.

வல்வெட்டித்துறைக்கு மேற்கே, வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலோடு கலக்கும் வாயிலே அமைந்தது தொண்டைமானாறு. பெயரால் அது ஆறு. இயல்பால் கடல்நீரேரியின் ஒரு கிளை. முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பேற்றும் மரக்கலங்கள் வந்து போகும்பொருட்டு இந்நீர்வழியை வெட்டித் திருத்தினான் என்பது வழிவழி வந்த செய்தி. கலிங்கத்துப்பரணியைக் கற்றோர் அவன் பெயரை நன்கு அறிவர். இல்லாத ஆற்றை வெட்டியேனும் பெற விழைந்த ஒரு நாட்டின் ஏக்கம் அப்பெயரிலே உறைந்து கிடக்கின்றது போலும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது புலரவில்லை. கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில் விளக்கொளியில் அமைதியாயிருந்தது. இங்கே பூசகர் வாயை வெண்டுணியாற் கட்டிக்கொண்டு, மந்திரமின்றி மௌனமாகவே பூசை புரிவர்; ஆலிலையிலே அமுது படைப்பர். கதிர்காமத்திலும் வாய்கட்டிப் பூசை செய்வதே மரபு. ஆதலின் இத்தலத்தைச் சின்னக் கதிர்காமம் என்பாரும் உளர். பூசையின் மௌனம் நீர்க்கரை வரைக்கும் பரந்து கிடந்தது. படியிலே ஒரு மூதாட்டி மாத்திரம் முழுகியெழுந்து, ஈரச் சேலையோடு கோயிலை நோக்கிக் கைகூப்பி நின்றார்.

"ஆச்சி, தண்ணீர் உப்போ?" என்று கேட்டேன்.

"உப்புத்தான் தம்பி. மாரியெண்டால் கொஞ்சம் நல்லாயிருக்கும். அதுக்கென்ன, இதிலை முழுகிப்போட்டு, வீட்டை போய்க் கிணத்தடியிலை ரெண்டு வாளி வாத்தால் சரி" என்றார் அவர்.

அச்சொல்லை அப்பொழுது நான் பெரிதாக எண்ணவில்லை. பின்னர் அதனிடத்தே திரும்பி வருவேன்.

இப்படிகளிலிருந்துதான் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படும் வழக்கம். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று கீழ்க்கரை வழியே பல கிழமை நடந்து, உகந்தையிலே கடைசியாக ஊர் முகம் பார்த்து, பின்பு காட்டினுள் இறங்குவர். போர்க்காலத்திலே இவ்வழி அறுந்தது. பின்னர் மீண்டும் கூடியது. சில ஆண்டுகளுக்கு முன் உகந்தையிலிருந்து எஞ்சிய வழியை மாத்திரம் நானும் நடந்திருக்கின்றேன். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யாலைக் காட்டினூடே யானைத் தடங்களைப் பார்த்துப் பார்த்து நடந்து, முடிவிலே மாணிக்க கங்கையைக் கண்டபோது கூட்டத்திலே ஒருவரும் பேசவில்லை. ஊவா மலைச் சாரலிலே பிறந்து, காட்டினூடாகக் கடலை அடையும் ஆறு அது. இரு கரையிலும் முதிர்ந்த மருத மரங்கள் நீரின்மேற் சாய்ந்து நின்றன. வேரே அங்கு படித்துறை. முழங்காலளவு தெளிந்த நீரிலே, தமிழரும் சிங்களவரும் ஒருவரையொருவர் பெயர் கேளாது அருகருகே முழுகினர்.

ஆறில்லா நாட்டான் ஒருவன் முதன்முதலாக ஓடும் நீரிலே நிற்கும்போது அடையும் வியப்பை, காவிரிக் கரையிலே பிறந்தவர் உணர்தல் அரிது. கையிலே அள்ளிய நீர் மறுகணம் வேறு நீர். எங்கள் கிணற்று நீரோ அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்!

இவ்வேக்கம் பத்தர்களுக்கு மாத்திரம் உரியதன்று. தொண்டைமானாற்றின் வாயிலே, கடல்நீர் உட்புகாவண்ணம் கட்டப்பெற்ற கதவணை ஒன்று உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டிலே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். வன்னிக் காட்டிலே பிறக்கும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியிலே வீழ்கின்றது. அந்நன்னீரை வீணே கடலிற் கலக்க விடாது, வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொணர்ந்து, உவர்நீரேரிகளை நாளடைவில் நன்னீரேரிகளாக்கி, குடாநாட்டின் கிணறுகளை ஊறச் செய்வதே அவர் கருத்து. சில உறுப்புகள் எழுந்தன. திட்டம் முழுவடிவம் பெறாது நெடுங்காலம் கிடந்தது. தொண்டைமான் கண்ட கனவின் மறுபிறப்பே அது என்று அப்படியிலே நின்றபோது எனக்குத் தோன்றிற்று.

அந்த ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்றேன். தந்தையை இழந்தோர் நோற்கும் நாள் அது. தாயை இழந்தோர்க்குச் சித்திரைப் பூரணை. பாறையின் அடியிலிருந்து ஊறும் நன்னீர்க் கேணியில் ஆடவரும், வேறொரு கேணியில் மகளிரும் நீராடுவர். மதிலுக்கு அப்பால் அலை மோதுங் கடல். இப்பால் குளிர்ந்த நன்னீர். கீரிமுகம் பெற்ற நகுலமுனிவர் இத்தீர்த்தத்திலே மூழ்கி மனித முகம் பெற்றார் என்பதும், குதிரைமுகங் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடித் தன் எழில் மீளப் பெற்று மாவிட்டபுரத்திலே கோயில் எடுப்பித்தாள் என்பதும் எம்மவர் யாவரும் அறிந்த கதைகள்.

என் கதை அத்துணை மேன்மையானதன்று. எங்கள் வீடு கீரிமலைக்கு நடந்து போகும் தொலைவிலே இருந்தது. 1990ஆம் ஆண்டிலே அப்பகுதி மக்கள் யாவரும் போரினாற் பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்து, இணுவிலிலே ஒரு வீட்டின் பின்னறையிலே தங்கினோம். மூன்றாம் ஆண்டிலே தந்தையார் நோயுற்றார். கடைசி நாட்களில் அவர் கேட்டது ஒன்றே: "கேணித் தண்ணி ஒரு செம்பு கொண்டுவர ஏலுமோ?" கேணி இருந்த ஊருக்கோ ஒருவரும் போக வழியில்லை. நான் அவ்வீட்டுக் கிணற்றிலே ஒரு செம்பு அள்ளி, "கீரிமலைத் தண்ணி, ஐயா" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதனைத் தலையிலே தெளித்துக்கொண்டு, ஒரு மிடறு பருகி, ஒன்றும் பேசாது கண்களை மூடிக்கொண்டார். நம்பினாரோ, நம்பியதாகக் காட்டினாரோ, அறியேன். 2009இல் போர் ஓய்ந்து, மெல்ல மெல்ல வழி திறந்தபின், ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் அப்பொய்யோடுதான் இப்படிகளிலே இறங்கி வருகின்றேன்.

இம்முறை என்னோடு வந்த நண்பர் புவியியல் ஆசிரியர். கூட்டங் கலைந்து, கேணி மாலை வெயிலிலே தனித்துக் கிடந்த வேளையில் இதனை அவரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் நீரையே பார்த்திருந்து, பின்வருமாறு விளக்கினார்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். வடகீழ்ப் பருவமழை செம்மண்ணினூடே இறங்கி, அக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கீழே உவர்நீர், அதன்மேல் எடை குறைந்த நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பது இதனாலேயே. வலிகாமத்திலே பெய்த மழை கல்லினுள்ளே மெல்ல நகர்ந்து கடலோரத்தை அடைகின்றது. அவ்வாறு வெளிப்படும் ஊற்றுகளில் ஒன்றே கீரிமலை. இணுவிற் கிணறும் அதே வலிகாமக் கல்லின் நீரையே உண்கின்றது.

"நீங்கள் கொடுத்தது அவ்வளவு பெரிய பொய் இல்லை" என்றார் நண்பர்.

எத்தனையோ ஆண்டுகளாக என் நெஞ்சிலே இருந்த பாரம் சற்றே இறங்கிற்று. இறங்கிய இடத்திலே வேறொன்று ஏறிற்று. அந்த இணுவிற் கிணற்றின் நீரை இப்பொழுது பருகுவார் இல்லை. சோதித்தபோது நைத்திரேற்று மிகுந்திருக்கக் கண்டார்கள். தோட்டத்துக்கு இடும் உரமும், கிணற்றை நெருங்கி அமைந்த மலக்குழிகளும் இந்நிலைக்குக் காரணமென்பர். இணுவிலுக்கு வடக்கே சுன்னாகத்திலே, மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கிலே, 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. துலாவும் பட்டையும் போய், இயந்திரங்கள் இரவும் பகலும் இறைக்கின்றன. நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின் அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடியளவு மேலெழக்கூடும் என்பது நீரியலார் கணிப்பு.

கீரிமலைக் கேணியிலே எச்சில் உமிழ ஒருவனும் துணியான். ஆயினும், அதே நீர் தன் வளவுக் கிணற்றிலே நிற்கும்போது, அதனருகே எதையும் புதைக்க அவன் கூசுவதில்லை. தீர்த்தம் வேறு, தண்ணீர் வேறு என்று எப்பொழுது பிரித்தோமோ, அப்பொழுதே எங்கள் கால்கள் படிகளை விட்டு விலகிவிட்டன.

தொண்டைமானாற்றிலே முழுகிவிட்டு, கிணற்றடியிலே இரண்டு வாளி வார்க்கும் அந்த ஆச்சி இரண்டையும் பிரிக்கவில்லை. உப்புநீரிலே தொடங்கிய அவர் நீராட்டு வீட்டுக் கிணற்றிலேதான் நிறைவு பெறுகின்றது. என் ஆசிரியர் இன்று இருந்திருப்பின், அவரிடம் சென்று, "ஐயா, எங்கள் ஊருக்கும் ஆறு உண்டு, அது கல்லினுள்ளே ஓடுகின்றது. ஒவ்வொரு கிணற்றடியும் அதன் படித்துறை" என்று சொல்லியிருப்பேன். அவர் அதற்கும் ஒரு வினா வைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை: "அப்படியானால், அந்த ஆற்றை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?"

அதற்கு விடை கூற, எங்கள் வகுப்பிலே இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.