பிஸ்கட் டின்னுக்குள் ஒரு அமானிதம்



பெருநாள் நெருங்கினால் நமது வீடுகளில் நடப்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அலுமாரிகள் திறபடும். கட்டிலுக்கடியில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டிகள் வெளியே வரும். வேண்டியதைத் தூசு தட்டி உள்ளே வைத்து, மற்றதைப் பழைய பேப்பர் வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுத்து விடுவீர்கள். அந்த நேரத்தில் சாய்மனைக் கதிரையிலிருந்து, "அத மட்டும் எறிஞ்சிட வேணாம் மகள்" என்று ஒரு மூத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எனது உம்மாவின் மூத்த சகோதரர் 1938 இல் பிறந்தவர். பெரிய மாமா என்று அழைப்போம். இப்படியொரு பெருநாள் துப்பரவின்போது அவரது மகள் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின்னை வெளியே எடுத்தார். உள்ளே மாமியின் பழைய சேலைத் துண்டு. அதற்குள் நூலால் கட்டிய சிறு சிறு அட்டைகள். ஒரு பக்கம் வர்ணப் படத்தில் கிரிக்கெட் வீரர் ஒருவர், மறு பக்கம் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள். மாமாவின் வாப்பா கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் சிகரெட் பெட்டியைத் திறந்ததும், புகை பிடிக்காத அவர் அதற்குள்ளிருந்த படத்தை மட்டும் கேட்டு வாங்கிச் சேர்த்தாராம்.

"இத வித்துத் தர ஏலுமா மகன்?" என்று மாமா என்னிடம் கேட்டார். பிள்ளைகளுக்குக் கிதாபு சொல்லிக் கொடுப்பவனுக்குச் சிகரெட் அட்டை வியாபாரம் என்ன தெரியும்? ஆனாலும் கேட்டவர் மாமா. அதனால் படித்தேன், விசாரித்தேன். அதில் கற்றதையும் எனக்கு நேர்ந்த பிழையையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

அட்டைகளின் கதை

அக்காலத்துச் சிகரெட் பெட்டிகள் மெல்லிய காகிதத்தாலானவை. சிகரெட் நசுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக வைப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். தொடராக இலக்கமும் இட்டார்கள். அமெரிக்காவில் தொடங்கிய இந்த வழக்கம் 1880களில் இங்கிலாந்துக்கும் வந்தது. வில்ஸ் கம்பெனி 1896 இல் 50 கிரிக்கெட் வீரர்களைக் கொண்ட தொடரொன்றை வெளியிட்டது. ஜோன் பிளேயர் கம்பெனி 1930, 1934, 1938 ஆகிய வருடங்களில் தலா 50 அட்டைகள் கொண்ட கிரிக்கெட் தொடர்களை வெளியிட்டது. இரண்டாம் உலக யுத்தம் மூண்டு கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1940 இல் இங்கிலாந்தில் இந்த அட்டைகள் நின்று போயின.

புகையிலை விற்பதற்காகச் சிறுவர்களைப் படத்தால் இழுத்த வியாபாரம் இது என்பதை மறுப்பதற்கில்லை. தொடரை நிரப்புவதற்காகப் பிள்ளைகள் வீதியில் போகும் பெரியவர்களிடம் அட்டை கேட்டு நிற்பார்களாம். இன்று எஞ்சியிருப்பவை பழங்காலத்துப் படங்கள் மட்டுமே.

மாமாவின் டின்னில் இருந்தவை பிளேயர் கம்பெனியின் மூன்று தொடர்களிலிருந்து வந்தவை. 1934 ஆம் வருடத்தது 50 உம் இருந்தது. 1930 ஆம் வருடத்ததில் 41. 1938 ஆம் வருடத்தது 38. மூன்றிலும் அவுஸ்திரேலிய வீரர் டொன் பிரட்மன் இருந்தார். அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தபோது மாமாவின் முகம் மாறியது. 1948 மார்ச்சில் இங்கிலாந்து செல்லும் வழியில் பிரட்மனின் அணி கொழும்பில் இறங்கி ஓவல் மைதானத்தில் விளையாடியது. இன்றைய பி. சரவணமுத்து மைதானம்தான் அது. ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராக இருந்ததென்று பிறகு தெரியவந்த போட்டியும் அதுவே. அன்று பத்து வயதுப் பிள்ளையாக வாப்பாவின் தோளிலிருந்து பார்த்தாராம் மாமா.

வீட்டில் கிளம்பிய புயல்

அட்டைகள் வெளியே வந்த அன்றிரவே பேரன் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் கண்டுபிடித்தான். அமெரிக்காவில் ஒரேயொரு விளையாட்டு அட்டை 126 இலட்சம் டொலருக்கு விலைபோனதாம். செய்தி உண்மைதான். மிக்கி மாண்டில் என்ற பேஸ்போல் வீரரின் 1952 ஆம் வருடத்து அட்டை, 2022 ஓகஸ்டில் அந்த விலைக்கு ஏலம் போனது. அவ்வளவுதான், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு மகன் காணி பார்க்கத் தொடங்கினார். இன்னொருவர் யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டார்.

சகோதரிகளே, ஏன் அந்த அட்டைக்கு அந்த விலை? அதை வெளியிட்ட டொப்ஸ் கம்பெனி, விற்காமல் தேங்கிக் கிடந்த 1952 ஆம் வருடத்து அட்டைகளைப் பின்னாளில் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டியதாக அக்கம்பெனியில் இருந்தவரே சொல்லியிருக்கிறார். தப்பியவை குறைவு. அதிலும் புத்தம் புதிதுபோல் இருந்தது அந்த ஒன்று. தேடுவோர் பலர், பொருளோ சில. விலை ஏறியது அதனால்தான். பிளேயர் கம்பெனியின் அட்டைகளோ பெருந்தொகையாக அச்சிடப்பட்டவை. இங்கிலாந்தில் பல வீடுகளில் பத்திரமாகவே இருந்தன. நல்ல நிலையிலுள்ள முழுத் தொடரே நூறு பவுண் அளவுக்கோ அதற்குக் குறைவாகவோதான் போகிறது. பழையது என்பதனால் மட்டும் ஒரு பொருள் விலை பெறுவதில்லை.

இதைச் சொன்னபோது பிள்ளைகள் எனக்குத்தான் விபரம் தெரியாதென்று முகம் சுளித்தார்கள். மாமா மட்டும் சிரித்தார்.

முதலில் கேட்க வேண்டியது

மூத்தவர் உயிரோடிருக்கும்வரை அது அவருடைய பொருள். வாரிசுப் பங்கு என்ற பேச்சே மௌத்துக்குப் பின்னர்தான் வரும். எனவே விலையை விசாரிக்குமுன் அவரை விசாரியுங்கள். உண்மையிலேயே விற்க விரும்புகிறாரா? எதை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்? பணம் எதற்குத் தேவை? இந்த மூன்றையும் தனிமையில் கேளுங்கள். பிள்ளைகள் சூழ்ந்திருக்கும்போது பெரியவர்கள் மனதிலுள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் முதலிரண்டையும் கேட்டேன். மூன்றாவதைக் கேட்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

கை வைக்குமுன்

பழைய அட்டையின் விலை அதன் நிலையில்தான் தங்கியிருக்கிறது. நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, நடுவில் மடிப்பு உண்டா, படம் மங்கியிருக்கிறதா, பின்புறத்தில் எழுத்தோ பசையோ இருக்கிறதா என்றுதான் வாங்குபவர் பார்ப்பார். ஆகவே ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அழிறப்பரால் அழிக்காதீர்கள். ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடாக்கி லெமினேட் செய்வது பெரும் கேடு. றப்பர் வளையம் விளிம்பை வெட்டும், நாளடைவில் உருகி ஒட்டும். நமது நாட்டு ஈரக்காற்றில் கடதாசிக்குப் புள்ளி விழும், பூச்சியும் வரும். காய்ந்த இடத்தில் வெயில் படாமல் வைத்தாலே போதும். மாமி சேலைத் துண்டில் சுற்றி டின்னில் மூடி வைத்தாரே, அந்தக் கைதான் 1934 ஆம் வருடத்துத் தொடரைக் காப்பாற்றியது.

1938 ஆம் வருடத்து அட்டைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அல்பத்தில் ஒட்டுவதற்கு வசதியாகப் பின்புறத்தில் பசை பூசி வெளிவந்தவை அவை. ஈரத்தில் பசை இளகி ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. இங்கேதான் நான் பிழை செய்தேன். மேலே இருந்த இரண்டை மெதுவாகப் பிரிக்கலாமென்று இழுத்தேன். கீழிருந்தவரின் முகம் மேலிருந்த அட்டையின் முதுகோடு உரிந்து வந்தது. அது பிரட்மன். மாமா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல மகன், இன்னும் ரெண்டு பிரட்மன் இரிக்கிறாரே" என்றார். தெரியாத பொருளில் அவசரக் கை வைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

விலையை அறிவது எப்படி?

முதலில் ஒரு கொப்பியில் பட்டியல் எழுதுங்கள். கம்பெனியின் பெயர், தொடரின் பெயர், வருடம், அட்டையின் இலக்கம், நிலை. படித்த பிள்ளையொன்று இருந்தால் இரு பக்கத்தையும் படம் பிடிக்கட்டும். பிறகு விலை பாருங்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆயிரம் பவுண் என்று யாரும் போட்டு வைக்கலாம். ஏலம் முடிந்து உண்மையில் விற்ற விலைகளைத் தனியாகப் பார்க்க வழியுண்டு. அதுதான் சந்தை விலை.

விலைப்பட்டியல் புத்தகங்களில் இருப்பது வியாபாரி உங்களுக்கு விற்கும் விலை. உங்களிடமிருந்து வாங்கும்போது அவர் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் தருவார். கடை நடத்துபவருக்குச் செலவும் இலாபமும் இருக்கிறதல்லவா? ஏலத்தில் விற்றால் தரகுப் பணம் கழியும். அட்டைகளை 1 முதல் 10 வரை தரமிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. சாதாரண அட்டைக்கு அந்தக் கட்டணமே அட்டையின் விலையைத் தாண்டிவிடும். பல பழைய தொடர்கள் பிற்காலத்தில் மறுபடி அச்சிடப்பட்டும் இருக்கின்றன. அசலா என்பதை அறிந்தவரிடம் காட்டி உறுதி செய்த பின்னரே விலை பேசுங்கள்.

வீடு தேடி வந்தவர்

செய்தி எப்படியோ வெளியே போயிற்று. ஒரு மாலை, பழைய பொருட்கள் வாங்கும் ஒருவர் வந்தார். "இதெல்லாம் இப்ப ஆரும் எடுக்கிறல்ல ஹாஜியார். உங்கட முகத்துக்காக 5,000 ரூபா தாறன். இப்பவே கொண்டு போறன்" என்றார். மாமா தலையாட்டப் போனார். மாமிதான் உள்ளேயிருந்து, "மருமகன் வரட்டும்" என்று குரல் கொடுத்தார்.

சந்தை விலை அறியாமல் பொருள் கொண்டு வரும் வியாபாரக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதை நமது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை மத்ரஸாவில் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் ஒரு சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கண்டேன். விலை தெரியாத மூத்தவரின் பொருளுக்கு "இப்பவே" என்று அவசரப்படுத்துபவரிடம் "ஒரு கிழமை பொறுங்கள்" என்று சொல்லுங்கள். "ஒருவருக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்றால் படத்தைக் கொடுங்கள், பொருளைக் கொடுக்காதீர்கள். கேட்ட விலைக்கு மேல் பணம் அனுப்பியதாகச் சொல்லி மீதியைத் திருப்பிக் கேட்பவர், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவர், இருவருமே ஏமாற்றுக்காரர்கள்.

உதவி செய்பவருக்கும் வரம்பு உண்டு. மருமகனோ பேரனோ, தனக்குக் கூலி வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். விற்ற விலையில் ஒரு சதத்தையும் மறைக்கக் கூடாது. பணம் மூத்தவரின் சொந்தக் கணக்குக்கே போகட்டும்.

விற்ற விதம்

இங்கிலாந்தில் தொழில் செய்யும் உறவினர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அட்டைகளை அவரிடம் எண்ணிக் கொடுத்து, பட்டியலின் பிரதியில் கையொப்பமும் வாங்கிக்கொண்டோம். உறவினரிடம் கையொப்பமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது சந்தேகத்தினால் அல்ல, நாளைக்குச் சந்தேகம் வராதிருப்பதற்காகவே.

1934 ஆம் வருடத்துத் தொடர் முழுதாக விலைபோனது. 1930 ஆம் வருடத்துப் பிரட்மனை மாமா கொடுக்கவில்லை. தொடர் நிறைவில்லாதபோது தனியாக விலைபோகக்கூடியது அந்த அட்டைதான் என்று சொல்லிப் பார்த்தேன். "அது என்ட வாப்பாட தோள் மகன்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. மீதி 40 ஐயும், "பிரட்மன் இல்லை, இரண்டு அட்டையில் மடிப்பு உண்டு" என்று எழுதியே விற்றோம். ஒட்டிப்போன கட்டியை யாருக்கும் விற்கவில்லை. செலவு போக மாமாவின் கணக்குக்கு வந்தது 30,000 ரூபாவுக்குச் சற்றுக் கூட.

காணி பார்த்த மகன் வாயடைத்துப் போனார். அப்போதுதான், கேட்கத் தவறிய அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். "மாமா, பணம் எதுக்கு?"

மாமா மாமியின் வெறுங்கையைப் பார்த்தார். 2022 இல் நாட்டில் மருந்துக்கும் தட்டுப்பாடு, விலைவாசியும் ஏறியிருந்த நேரத்தில், மாமாவின் மருந்துச் செலவுக்காக மாமி தனது காப்பு இரண்டையும் ஈடு வைத்திருந்தார். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்களும் கஷ்டப்படுகிறார்கள் என்று மறைத்துவிட்டார். "விரல் வீங்குது, கழட்டி வெச்சிருக்கன்" என்று சொல்லி வந்திருக்கிறார். மகள்மாரும் நம்பியிருந்தார்கள்.

30,000 ரூபா அதை மீட்கப் போதவில்லை. மீதியைப் பிள்ளைகள் போட்டார்கள். எந்த மகன் பங்குக் கணக்குப் போட்டாரோ அவர்தான் முதலில் பணம் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை காப்பு மாமியின் கைக்கு வந்தது. முதல் நாளே அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால், அந்த வீட்டில் அத்தனை நாள் கோடிக் கணக்கு நடந்திருக்காது என்பதுதான் எனது வருத்தம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு டின்னில் முத்திரைகள் இருக்கலாம், பழைய நாணயங்கள் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத கடதாசியும் இருக்கலாம். பேப்பர் வாங்க வருபவர் தராசைத் தூக்குமுன், அதைச் சேர்த்து வைத்தவரின் பக்கத்தில் சற்று உட்காருங்கள். "இத விக்கப் போறீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "உங்களுக்கு இப்ப என்ன தேவையா இரிக்கி?" என்றும் கேளுங்கள்.