கண்டக்டரால் படிக்க முடியாத முகம்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து, பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். "முப்பத்தோரு வருஷ சர்வீஸ். கடைசி டிரிப்பில் குடிகாரனை இறக்கி விட்டிருக்கேன். படியில் தொங்கினவனைச் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுத்திருக்கேன். சர்க்கஸ் ஜோக்கர் பக்கத்தில் வந்தால் மட்டும் உள்ளங்கை வேர்க்குது. பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இது வியாதியா?" கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு வரி: "வித்தவுட்டில் வர்றவனை முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். அந்த ஆளைப் பார்த்தால் ஒண்ணும் தெரியலை."

அவர் தெரியாமலேயே தன் கேள்விக்கான பதிலையும் எழுதி அனுப்பிவிட்டார்.

பிரிட்டனில் சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் இதே பயத்தைப் பற்றிக் கேட்டு, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 53.5 சதவீதம் பேர், கோமாளியிடம் கொஞ்சமாவது பயம் உண்டு என்றார்கள். மிகவும் பயம் என்றவர்கள் 5 சதவீதம். பயப்படுகிறவர்களிடம் எட்டுக் காரணங்களை வைத்து விசாரித்தபோது, சின்ன வயதில் ஏதோ ஒரு கோமாளியிடம் பயந்துபோன அனுபவம் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. முன்னால் வந்து நின்றது, அந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கும் ஆள் என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை என்பதுதான்.

முப்பத்தோரு வருஷம் முகம் படித்தே பிழைத்த மனிதருக்கு, படிக்க முடியாத முகம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தொந்தரவு கொடுத்திருக்கும். இது வியாதி இல்லை. 'கூல்ரோஃபோபியா' என்று இதற்கு ஒரு பெயர் புழங்குகிறது, ஆனால் அது தனி நோயாக மருத்துவ வகைப்பாட்டில் ஏறவில்லை. பாம்பு, உயரம், ஊசி என்று ஏதேனும் ஒன்றைக் கண்டு நடுங்குகிறவர்களுக்கான பொதுத் தலைப்பில்தான் வரும். அன்றாட வாழ்க்கையை முடக்காதவரை வைத்தியம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து நாக்ஸ் கல்லூரியில் ஃபிராங்க் மெக்ஆண்ட்ரூ என்ற உளவியலாளரும் அவருடைய மாணவி ஒருவரும் 1,341 பேரிடம் வேறு மாதிரி கேட்டார்கள். எந்தத் தொழில் செய்கிறவரைப் பார்த்தால் 'ஒரு மாதிரி' இருக்கிறது? 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் முதலிடம் கோமாளிக்கு. செத்த விலங்குகளைப் பாடம் செய்கிறவரும் இறுதிச்சடங்கு நடத்துகிறவரும்கூட அவருக்குப் பின்னால்தான். மெக்ஆண்ட்ரூவின் விளக்கம் எளிமையானது. வெறிநாய் எதிரே வந்தால் ஓடுவோம், பூனைக்குட்டி வந்தால் தடவுவோம். வருவது ஆபத்தா இல்லையா என்றே தெரியாதபோது ஓடுவதா நிற்பதா என்று உடம்பு திண்டாடுகிறது. அந்தத் திண்டாட்டம்தான் 'ஒரு மாதிரி'.

சிரிக்க வைக்கப் பிறந்த ஒரு வேஷம் ஏன் இப்படி ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தது?

தூரத்துக்காக. இன்று நாம் பார்க்கும் வெள்ளை முகம், சிவப்புக் கன்னம் எல்லாம் லண்டன் நாடக நடிகர் ஜோசஃப் கிரிமால்டியிடம் (1778–1837) வந்து சேரும் பரம்பரை. அவருக்கு முன்பு இங்கிலாந்து மேடையில் கோமாளி என்றால் சிவந்த மூஞ்சியுள்ள பட்டிக்காட்டு முட்டாள். கிரிமால்டி முகம் முழுக்க வெள்ளை அடித்து, கன்னத்தில் சிவப்பு முக்கோணங்கள் வரைந்து, புருவத்தைத் தூக்கிவிட்டார். மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும்தான் அன்றைய மேடை வெளிச்சம். ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கில், உச்சி மாடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறவனுக்கும் முகம் தெரிய வேண்டும். தெரிந்தது. இன்றைக்கும் ஆங்கில நாட்டுக் கோமாளிகள் தங்களை 'ஜோயி' என்று சொல்லிக்கொள்வது அவர் பெயரால்தான்.

இதை எழுதுபவர் அந்தத் தூரக் கணக்கை ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திடலில் கற்றார். கூத்துப் பார்க்கப் பாயும் போர்வையுமாகப் போன எட்டு வயதில், கட்டியக்காரன் திரைக்கு முன்னால் வந்து ஊர் நாட்டாமையை ஒரு பிடி பிடித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தார். நடுச்சாமத்தில் ஒன்றுக்குப் போக எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கம் போனால், அதே கட்டியக்காரன் குந்தி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். வரைந்த வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த வாய் சிரிக்கவில்லை. போன வேலையை முடிக்காமலே பையன் ஓடி வந்துவிட்டான். வேஷம் மாறவில்லை, நாற்பதடி நாலடியாகச் சுருங்கியிருந்தது.

புதுவீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காயை நினைத்துப் பாருங்கள். முறுக்கு மீசை, உருட்டிய கண், முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. எந்த மேஸ்திரியும் அதில் அழுத மூஞ்சி வரையச் சொல்வதில்லை. கெட்ட கண்ணை விரட்ட இளிப்புதான் லாயக்கு என்பது நம் ஊரில் எப்போதோ முடிவான விஷயம். உயிருள்ள முகத்தில் சிரிப்பு வரும், போகும், கண்ணோரம் சுருங்கும். வந்த சிரிப்பு போகவே மாட்டேன் என்றால் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சரி, பேரன் ஏன் சிரிக்கிறான்? அவனும் அதே முகத்தைத்தானே பார்க்கிறான்?

பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் சொன்ன கருத்து இங்கே உதவும். ஏதோ ஒன்று முறை தவற வேண்டும், அதே நேரத்தில் அதனால் கேடில்லை என்றும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் கூடினால் சிரிப்பு. கிச்சுகிச்சு மூட்டுவதைப் போல. சித்தப்பா மூட்டினால் சிரிப்பு. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவன் மூட்டினால் போலீஸ்.

பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத குழந்தைக்கே இந்தக் கணக்குத் தெரியும். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பூச்சாண்டி காட்டினால் குழந்தை கெக்கலிக்கிறது. 1970களில் ஆலன் ஸ்ரூஃப் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தாய் முகமூடி போட்டுக்கொண்டு வந்தால் சிரிப்பு, அந்நியர் போட்டுக்கொண்டு வந்தால் பல குழந்தைகளிடம் அழுகை. முகமூடிக்கு உள்ளே இருப்பவர் யார், குழந்தை இருப்பது எந்த இடம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழானது. பேரன் ஜோக்கரைப் பார்க்கும்போது அவன் கை தாத்தாவின் கையில் இருக்கிறது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

கெட்ட கோமாளி சினிமா கண்டுபிடித்த சரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவல் 1986இல் வந்தது. அதில் குழந்தைகளைப் பிடித்துத் தின்னும் பென்னிவைஸ் ஒரு தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்தான். அதற்கு முன்பே, 1978இல் சிகாகோ பக்கத்தில் கைதான ஜான் வெய்ன் கேசி 33 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டபோது, அவன் பிள்ளைகளின் கொண்டாட்டங்களில் கோமாளி வேஷம் போட்டவன் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. இன்னும் பின்னால் போனால், 1892இல் மிலான் நகரில் அரங்கேறிய 'பாலியாச்சி' இசைநாடகத்தில் கோமாளி மேடையிலேயே மனைவியைக் குத்திக் கொல்கிறான். 1836இல் பாரிஸின் புகழ்பெற்ற வெள்ளைமுக நடிகர் தெபுரோ, தெருவில் தன்னைக் கேலி செய்த இளைஞனைக் கைத்தடியால் அடிக்க, அவன் செத்தே போனான். வழக்கில் தெபுரோ விடுதலையானார். சந்தேகம் பழையது; சினிமா அதற்கு டிக்கெட் விற்றது.

நம்மிடமும் கொலை செய்யும் சர்க்கஸ் கோமாளி ஒருவர் உண்டு. 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' அப்பு, அப்பாவைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறார். தியேட்டரில் யாரும் நடுங்கவில்லை, விசில் அடித்தார்கள். காரணம் எளிது. அப்பு அழுத முகத்தை, ஏமாந்த முகத்தை, பூச்சில்லாத முகத்தைப் படம் முதலிலேயே நமக்குக் காட்டிவிட்டது. பென்னிவைஸுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது.

இந்த இடத்தில் கட்டுரை கொஞ்சம் தடம் மாறும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதை எழுதுபவருக்குக் கோமாளிகள் உலகத்தில் மிகவும் பிடித்த விஷயம் முட்டை.

1946இல் இங்கிலாந்தில் ஸ்டான் பல்ட் என்பவர், உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டுக் கோழிமுட்டை ஓடுகளில் கோமாளி முகங்களை வரைய ஆரம்பித்தார். அவர் கோமாளி இல்லை, கோமாளிகளின் ரசிகர். பொழுதுபோக்காகத் தொடங்கியது, அவர் அமைத்த கோமாளிகள் சங்கத்தின் பதிவேடாகவே மாறிவிட்டது. ஒருவர் புதிதாக ஒரு முகத்தை உருவாக்கிக்கொண்டால் அது ஒரு முட்டையில் ஏறும். புருவத்தின் வளைவு, கண்ணுக்குக் கீழே விழும் கோடு, வாயைச் சுற்றிய வெள்ளையின் அகலம் எல்லாம் அச்சுப் பிசகாமல். அவர் கிரிமால்டியின் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. முட்டை ஓடு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டுமா? பல்ட் வரைந்தவற்றில் பல உடைந்து போயின. இப்போது பீங்கான் முட்டைகள். சிலவற்றில் அந்தக் கோமாளியின் சட்டைத் துணியிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கும், அவருடைய பொய்முடியிலிருந்து ஒரு பிடியும். லண்டனில் ஒரு தேவாலயத்தின் கண்ணாடி அலமாரியிலும், சாமர்செட்டின் வூக்கி ஹோல் குகை வளாகத்திலும் வரிசை வரிசையாக அவை உட்கார்ந்திருக்கின்றன.

எதற்கு இவ்வளவு சிரமம்? ஒருவர் முகத்தை இன்னொருவர் போடக் கூடாது. இதற்குக் கோர்ட்டு கிடையாது, அபராதம் கிடையாது. மீறினால் சக கோமாளிகள் ஒரு பார்வை பார்ப்பார்கள், அதிலேயே மானம் போய்விடும். 2019இல் இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இந்த முட்டைகளைப் பற்றி ஒரு சட்ட இதழில் நீண்ட கட்டுரையே எழுதினார்கள். பதிப்புரிமைச் சட்டத்தை நாடாமல் ஒரு தொழில் தன் சொத்தை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கேள்வி. அம்பாசமுத்திரத்துச் சலவைத் தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் சேங்கொட்டை மையால் போட்ட குறி இதை எழுதுபவருக்கு ஞாபகம் வருகிறது. வெளியாளுக்கு வெறும் புள்ளி. தொழில் தெரிந்தவருக்கு வீட்டு விலாசம்.

கண்டக்டருக்கு அந்த அலமாரியை ஒருநாள் காட்ட வேண்டும். பயப்படுகிறவருக்கு எல்லாக் கோமாளி முகமும் ஒன்று. முட்டைகளை வரிசையாகப் பார்த்தால் ஒருவர் சோம்பேறி, ஒருவர் பெருமைக்காரர், ஒருவர் மனைவியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தவர் என்று தெரிய ஆரம்பிக்கும். அவை படிக்கப்படுவதற்காகவே எழுதிய முகங்கள். படிக்கக் கொஞ்சம் இடைவெளியும் அவகாசமும் வேண்டும்.

அந்த இடைவெளியைத்தான் நாம் பறித்துக்கொண்டோம். மண்டபத்துப் பிறந்தநாள் விழாவில், ஜவுளிக்கடை வாசலில், உச்சிவெயிலில் நாள்கூலிக்கு நிற்கும் ஜோக்கர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று பாருங்கள். கேக்கு வெட்டிய கையோடு மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கி அவர் கையில் திணிக்கிறார்கள். அது முதுகை வில்லாக வளைத்து வீறிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே செல்போனில் பிடிக்கிறார்கள். அங்கே பயப்படுகிற இருவரில் ஒருவர் குழந்தை. மற்றவர், பிள்ளையை அழ வைத்த பழியோடு சம்பளத்துக்கு நிற்கும் அந்த ஆள். வேஷத்துக்குள் யார் என்று கேட்கவோ, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவோ ஆளில்லை. நம் சர்க்கஸ்களில் உயரம் குறைந்தவர்களுக்கு ஜோக்கர் தொப்பியைத் தவிர வேறு வேலை கொடுக்காமலே எத்தனையோ காலம் ஓட்டினோம். அவர்கள் முகத்தை யாரும் முட்டையில் பதிந்து வைக்கவில்லை.

நெருங்கிப் போகவே முடியாதா என்றால், முடியும். 1986இல் நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன், குழந்தைகள் மருத்துவமனை வார்டுகளுக்குக் கோமாளிகளை அனுப்பத் தொடங்கினார். அந்த வழியில் வந்த மருத்துவமனைக் கோமாளிகள் பலரும் முகத்தை மறைப்பதில்லை. ஒரு சிவப்பு மூக்கு, மிஞ்சிப்போனால் கன்னத்தில் ஒரு பொட்டு. கதவைத் தட்டி, வரலாமா என்று குழந்தையிடமே கேட்கிறார்கள். 'வேண்டாம்' என்றால் திரும்பிப் போய்விடுகிறார்கள். மருத்துவரிடமும் ஊசியிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத குழந்தை, நாள் முழுவதிலும் துரத்தக்கூடிய ஒரே ஆள் அந்தக் கோமாளிதான். 2020இல் பிஎம்ஜே மருத்துவ இதழ் 1,612 குழந்தைகள் பங்கேற்ற 24 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. மருத்துவமனைக் கோமாளிகள் குழந்தைகளின் பதற்றத்தைக் குறைக்க உதவுவதாக அது தெரிவித்தது. இத்தாலியில் நடந்த இன்னோர் ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் போகும் குழந்தைகள் நிம்மதியடைந்தார்கள், ஊழியர்கள்தான் வேலை கெடுகிறது என்று முகம் சுளித்தார்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பின்குறிப்பு இருந்தது. அடுத்த மாதம் ஊருக்கு சர்க்கஸ் வருகிறதாம். முன்வரிசை நாற்காலிதான் வேண்டும் என்று பேரன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "எனக்கு மட்டும் கேலரி டிக்கெட் எடுத்துக்கிட்டால் கஞ்சன்னு நினைச்சுக்குவானோ?" என்று கேட்டிருக்கிறார்.

இருவருக்குமே கேலரி எடுக்கலாம், ஐயா. கிரிமால்டி வெள்ளை அடித்துக்கொண்டது அந்த வரிசைக்காகத்தான். போகும்போது இரண்டு பொட்டலம் கடலை வாங்கிக்கொள்ளுங்கள்.